பழைய மரமறுக்கிற மெஷினும் அதோட மூணு எண்களும்

எங்க ஊர்ப்பக்கம் இப்போ கோடாலிச் சத்தம் கேட்பதே அபூர்வமாகிவிட்டது. கல்யாண வீட்டு அடுப்புக்கு விறகு போடக்கூட மெஷின்தான். பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோப்பு ஓரம் நின்றாலும் நாளுக்கு ஒரு தடவையாவது அந்த இரைச்சல் காதில் விழும். கடையில் அதற்குப் பேர் செயின் சா. நாங்க மரமறுக்கிற மெஷின் என்போம். சென்னையில் இருக்கிறவங்களுக்கு 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் தெருவெல்லாம் கேட்ட சத்தம் என்றால் ஞாபகம் வரும். எங்களுக்கு அது 2018 நவம்பர் 16. கஜா.

கஜாவுக்கு முன்னால் எங்க பக்கம் நாலைந்து ஊருக்கு ஒரு மெஷின் இருந்தால் பெரிசு. விழுந்து கிடந்த தென்னைகளைக் கோடாலியால் வெட்டி அகற்ற வேண்டுமென்றால் இந்தத் தலைமுறை போதாது. அதனால் எங்கெங்கிருந்தோ மெஷின்கள் வந்து சேர்ந்தன. புதுசு, பழசு, மலைத்தோட்டங்களில் ஓடிக் களைத்தது, பேர் தெரியாத சீன மெஷின், எல்லாம்தான். வேலை முடிந்து வந்த ஆட்கள் போய்விட்டார்கள். மெஷின்களில் பாதி இங்கேயே விலைக்கு நின்றுவிட்டது. இன்றைக்குக் கூலிக்கு மரம் அறுக்கிற பல பையன்களின் கையில் இருப்பது அந்தப் பழைய மெஷின்கள்தான்.

பழைய மெஷினுக்கு வரும் சிக்கல் என்ஜினில் வருவதில்லை. டூ ஸ்ட்ரோக் என்ஜினை நம்ம மெக்கானிக்குகள் எப்படியும் ஓட வைத்துவிடுவார்கள். சிக்கல் முன்பக்கம். நீட்டிக்கொண்டிருக்கும் தகடு பார். அதைச் சுற்றி ஓடுவது செயின். என்ஜின் பக்கத்தில் அந்தச் செயினை இழுத்துவிடுவது பல்சக்கரம், அதாவது ஸ்பிராக்கெட். இதில் ஒன்று தேய்ந்து கடைக்குப் போனால் கடைக்காரர் மூணு கேள்வி கேட்பார். பிட்ச் என்ன, கேஜ் என்ன, எத்தனை லிங்க்? பழைய மெஷினில் எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்திருக்கும். பதில் சொல்லத் தெரியாது. "பழைய மாடலுங்க, பார்ட்ஸ் வராது" என்று ஒரு தீர்ப்பு வரும். மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போகும். இப்படிப் போன மெஷின்களைக் கண்ணால் பார்த்ததால்தான் இந்த மூணு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று துருவ ஆரம்பித்தேன்.

செயின் ரம்பம் பிரசவம் பார்க்கக் கண்டுபிடித்தது என்று அடிக்கடி ஒரு செய்தி போனில் சுற்றுகிறது. முழுப்பொய் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே இருவரும் எலும்பு அறுக்கச் சின்னச் சங்கிலி ரம்பம் ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ரெண்டு கையாலும் பிடித்து இழுக்கிற கருவி அது. நம்ம மெஷினுக்கு அதைத் தாத்தா என்று சொல்வது, சைக்கிள் மணியைக் கோயில் மணிக்குப் பேரன் என்று சொல்வது மாதிரி.

நம்ம மெஷினின் கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926ல் கரண்டில் ஓடும் செயின் ரம்பத்தைச் செய்தார். 1927ல் எமில் லெர்ப் துரிங்கியாவில் டோல்மர் என்ற மலைமேல் தன் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்து, அந்த மலையின் பேரையே கம்பெனிக்கு வைத்தார். 1929ல் ஸ்டீலும் பெட்ரோல் மெஷின் கொண்டுவந்தார். அதன் எடை 46 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக்கு நாலு கிலோதான் கம்மி. அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டும்.

என்ஜின் வந்துவிட்டது, சரி. பல்? அன்றைய செயினின் பல் கை ரம்பத்தின் பல்லைப் பார்த்து அப்படியே செய்தது. சில பல் இடப்பக்கம் கீறும், சில வலப்பக்கம் கீறும், நடுவில் இருப்பதை வேறு சில பல் வாரி வெளியே போடும். நம்ம ஊரில் மேலே ஒருத்தர் கீழே ஒருத்தர் நின்று பலகை அறுத்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறுக்கிற நேரத்துக்குச் சமமாக அரம் போடுகிற நேரம் போகும். வேகமாக ஓடும் செயினில் அந்தப் பல் இன்னும் சீக்கிரம் மழுங்கியது. காட்டில் மரம் வெட்டுகிறவன் அறுத்ததை விட அரம் பிடித்து உட்கார்ந்திருந்த நேரம் அதிகம்.

இந்த இடத்தில் ஒரு புழு வருகிறது.

ஜோசப் காக்ஸ் என்பவர் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் மரம் வெட்டும் வேலை பார்த்தவர். 1946ஆம் வருஷம் ஒருநாள் விறகு பிளக்கும்போது, அடிக்கட்டைக்குள் ஒரு வண்டின் புழு மரத்தைத் தின்றுகொண்டு போவதைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் தண்டி புழு. நார் நீளவாக்கில் இருந்தாலும் குறுக்கே இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதன் ரெண்டு தாடையும் வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டே போனது. கீறவில்லை, சீவியது. காக்ஸ் அந்தத் தாடை மாதிரியே இரும்பில் பல் செய்து பார்த்தார். ஒரு பல் இடம், அடுத்தது வலம். போர்ட்லாண்டில் தன் வீட்டு நிலவறையில் செய்த வேலை. 1947ல் கம்பெனி ஆரம்பித்தார். இன்றைக்கும் ஒரேகான் என்ற பேரில் செயின் விற்கிறதே, அதன் ஆரம்பம் இதுதான்.

தென்னை வைத்திருக்கிறவன் இந்தக் கதையைக் கேட்டால் சும்மா போக மாட்டான். எங்களுக்குப் புழு என்றால் பகை. எருக்குழியிலும் மக்கிய தென்னைக் கட்டையிலும் காண்டாமிருக வண்டின் புழு வளரும். கஜாவுக்குப் பிறகு கட்டைகளை அவசரமாக அறுத்து அப்புறப்படுத்தச் சொன்னதற்கு அந்த வண்டும் ஒரு காரணம். ஒரு வண்டுப் புழுவிடம் கற்ற பல்லை வைத்து இன்னொரு வண்டுப் புழுவின் வீட்டை அறுத்திருக்கிறோம்.

காக்ஸின் பல் பிடித்த பிறகு எல்லாக் கம்பெனியும் அந்த வழிக்கு வந்தன. பல் செய்கிறவன் ஒருத்தன், மெஷின் செய்கிறவன் இன்னொருத்தன் என்று ஆனதும் ரெண்டு பேருக்கும் பொதுவான அளவு வேண்டியதாகிவிட்டது. அதுதான் பிட்ச். செயினில் அடுத்தடுத்து மூணு ரிவிட்டின் மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிவிட்டிலிருந்து மூணாவது வரை அளந்து ரெண்டால் வகுத்தால் பிட்ச். ஒரு ரிவிட்டிலிருந்து அடுத்ததற்கு அளந்தால் தப்பாகும், ஏனென்றால் இடைவெளி ஒன்று விட்டு ஒன்று மாறும்.

அளவெல்லாம் அங்குலத்தில் அமைந்துவிட்டது. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் மீட்டர்தான் புழக்கம், ஆனாலும் அவர்கள் செய்கிற மெஷினுக்கும் பிட்ச் அங்குலம்தான். தடிமனை மட்டும் மில்லிமீட்டரில் சொல்வார்கள். நாம் சிரிக்க முடியாது. எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டை 18 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குகிறவர்கள் நாம்.

அந்தக் காலத்து மெஷின்களில் என்ஜினுக்கும் செயினுக்கும் நடுவில் கியர் இருக்கும். செயின் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் பலமாக இழுக்கும். அதற்குத் தகுந்த மாதிரி அரை அங்குலம், 7/16 அங்குலம் என்று முரட்டுச் செயின். பிறகு மெஷின் எடை குறைய ஆரம்பித்தது. 1949ல் அமெரிக்காவில் மெக்கலாக் கம்பெனி ஒரு ஆள் தூக்கும் மெஷினைக் கொண்டுவந்தது, 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். (அந்த ராபர்ட் மெக்கலாக்தான் 1968ல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அரிசோனா பாலைவனத்துக்குக் கொண்டுபோனவர். ரம்பம் விற்ற காசு அவ்வளவு!) 1959ல் ஸ்டீலின் கான்ட்ரா என்ற மெஷின் கியரே இல்லாமல் வந்தது. என்ஜின் சுற்றும் வேகம் அப்படியே பல்சக்கரத்துக்கு. வேகமாக ஓடும் செயின் கனமாக இருந்தால் ஆகாது. அதனால் 0.404, 3/8, 0.325, 1/4 என்று சின்னப் பிட்ச்கள் நிலைத்தன. இன்றைக்கு நம்ம ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 3/8, 0.325 ரெண்டும்தான்.

அங்குலம் குழப்பமாக இருந்தால் பிள்ளைகளின் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். மூணு ரிவிட்டுக்கு 16.5 மில்லிமீட்டர் வந்தால் 0.325. 19 வந்தால் 3/8. 20.5 வந்தால் 0.404. 22க்கு மேல் வந்தால் அது பழைய 7/16. ரெண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். அந்த ரெண்டரை மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று ஒரு கதை சொல்கிறேன்.

எங்க தெருவில் ஒரு தம்பி. முப்பது வயசு இருக்கும். கஜா நேரத்தில் கை மாறி வந்த மெஷின் ஒன்றை வாங்கி அதிலேயே குடும்பம் நடத்துகிறான். போன வருஷம் ஒரு பூவரசு அறுக்கும்போது செயின் அறுந்து தொடையில் அடித்தது. லுங்கி கிழிந்து, ஆறு தையல். நல்லவேளை அதோடு போனது. மெஷினைக் கொண்டுபோன கடையில் "இது தேறாது, புதுசு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்து, "மாமா, எத்தனை செயின் போட்டாலும் ஒரு மாசம் தாங்க மாட்டேங்குது, மெஷினே ராசி இல்லை போல"ன்னான்.

அறுந்த செயினைக் கொண்டுவரச் சொல்லி ஸ்கேல் வைத்தேன். 16.5. அப்போ 0.325. பாரின் மூக்கில் உள்ள குட்டிச் சக்கரமும் அதற்கே பொருந்தியது. கிளட்ச் மூடியைக் கழற்றி, உள்ளே டிரம்மில் செருகியிருக்கும் வளையப் பல்சக்கரத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தால், சின்ன எழுத்தில் 3/8-7 என்று இருக்கிறது. அதாவது 3/8 பிட்ச், ஏழு பல். புயல் அவசரத்தில் யாரோ கையில் கிடைத்த பாரையும் செயினையும் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற சக்கரத்தைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம்? அந்த நாள்களில் வீட்டு வாசலை மறித்துக் கிடந்த மரத்தை நகர்த்தினால் போதும் என்று இருந்தது.

என்ன நடக்கிறது என்றால், செயினின் அடியில் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் டிரைவ் லிங்க்தான் பல்சக்கரத்தில் விழுந்து இழுபடுவது. பல்லின் இடைவெளியும் வாலின் இடைவெளியும் ஒன்றாக இருந்தால்தான் எல்லா வாலும் பதிந்து உட்காரும். வேறாக இருந்தால் ஒன்றிரண்டு பதியும், அடுத்தது பல்மேல் ஏறி நழுவும். வாலின் நுனி நசுங்கிப் பிசிறு கட்டும். பிசிறு கட்டிய வால் பாரின் பள்ளத்துக்குள் ஓடாது, இடிக்கும். கடைசியில் பலவீனமான ஒரு ரிவிட் விட்டுவிடும். அந்தத் தம்பியின் செயினில் முக்கால்வாசி வால் இப்படித்தான் நசுங்கியிருந்தது. ராசி அல்ல, பிட்ச்.

ஆனால் அவனுக்கு இதைப் புரிய வைக்கக் கஷ்டமே படவில்லை. பைக் வைத்திருக்கிறவன். "செயின் தேய்ஞ்சா முன் சக்கரம் பின் சக்கரம் எல்லாத்தையும் செட்டா மாத்துறோம்ல மாமா, அது மாதிரியா?" என்றான். அது மாதிரியேதான். செயின் நீண்டு போச்சு என்று சொல்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. ரிவிட்டும் ஓட்டையும் தேய்ந்து ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை கூடுகிறது. அதாவது பிட்ச் கொஞ்சம் கூடிவிட்டது. அந்தச் செயினோடு சேர்ந்து சக்கரமும் தேய்ந்திருக்கும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் பழைய செயினின் தேய்மானத்தைப் புதுசு வாங்கிக்கொள்ளும். ரெண்டு செயின் முடிந்தால் ஒரு சக்கரம் என்பது மெக்கானிக் கணக்கு.

கேஜ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரின் ஓரத்தில் ஓடும் பள்ளத்தின் அகலம், அதில் ஓடும் வாலின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். 1.3 செயினை 1.6 பாரில் போட்டால் உள்ளே போகும், ஓடும், ஆனால் சாய்ந்து ஓடி மரத்தை வளைத்து அறுக்கும். மாற்றிப் போட்டால் உள்ளேயே போகாது. அது நல்லது, தப்பு உடனே தெரிந்துவிடும்.

லிங்க் எண்ணிக்கைக்கு வால்களை எண்ண வேண்டும். மேல் பல்லை எண்ணக் கூடாது. பார் 18 அங்குலம் என்று சொல்லிச் செயின் கேட்டால் சில நேரம் பொருந்தும், சில நேரம் ரெண்டு லிங்க் கூடும் குறையும். சக்கரத்துக்கும் பாருக்கும் உள்ள தூரம் மெஷினுக்கு மெஷின் வேறு. எங்க பக்கம் ஓடும் சீன மெஷின்களில் 18 அங்குலப் பாருக்கு 0.325 செயினில் 72 வால் வரும். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரேகான் செயினில் வாலிலேயே எண் அடித்திருப்பார்கள். அதில் 72 என்று இருந்தால் எண்ணிக்கை 72 என்று அர்த்தமில்லை. அது 3/8 பிட்ச், 1.3 கேஜ் என்பதற்கான அடையாளம். 73 என்றால் அதே பிட்ச், 1.5. 0.325 செயின் என்றால் 20, 21, 22 என்று வரும். கடையில் "எழுபத்திரண்டு" என்று சொல்லிக் கேட்கிறவரும் "எழுபத்திரண்டு" என்று எடுத்துக் கொடுக்கிறவரும் வேறு வேறு பொருளை நினைத்திருப்பார்கள்.

3/8லேயே இன்னொரு தம்பி உண்டு, லோ புரொஃபைல் என்று. வாலில் 91 என்று இருக்கும். சின்ன மெஷின்களுக்கானது. ஸ்கேலில் கிட்டத்தட்ட அதே 19தான் காட்டும், ஆனால் பல் குட்டை, அதற்கான சக்கரமும் வேறு. அந்த இடத்தில் ஸ்கேலை நம்பாமல் வாலில் உள்ள எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பார் மாற்றும்போது பிட்ச், கேஜ் பார்த்தால் மட்டும் போதாது. பின்பக்கம் போல்ட் நுழையும் இடமும், ஆயில் ஓட்டையும், செயினை இறுக்கும் முளை நுழையும் ஓட்டையும் மெஷினோடு ஒத்துப்போக வேண்டும். ஆயில் ஓட்டை தள்ளியிருந்தால் மெஷின் ஆயிலை வெளியே கொட்டும், பார் காய்ந்து நீலம் பாயும். பழைய பாரையே கையோடு எடுத்துப் போய் புதுசின்மேல் வைத்துப் பார்ப்பது உத்தமம்.

தம்பியின் மெஷினுக்கு மூணு வழி இருந்தது. சக்கரத்தை 0.325க்கு மாற்றலாம். இல்லை, பாரையும் செயினையும் 3/8க்கு மாற்றலாம். இல்லை, எடைக்குப் போடலாம். பார் இன்னும் நல்லா இருந்ததால் சக்கரமும் செயினும் மட்டும் வாங்கினோம். செயினைச் சுருளிலிருந்து 72 வால் எண்ணி வெட்டி, ரிவிட் அடித்துக் கொடுத்தார்கள். ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அவன் பொண்டாட்டி செயின் பிரேக் வேலை செய்யுதா என்று என்னையே ஓட்டிப் பார்க்கச் சொன்னது. நியாயம்தானே, ஆறு தையலைப் பார்த்தது அது. பிரேக் பிடித்தது.

மலைத்தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த சில கிழட்டு மெஷின்களில் இன்னும் 7/16 செயின் ஓடுகிறது. அதற்குச் செயின் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதற்காக மெஷினைப் போட வேண்டியதில்லை. பழைய மெஷின்களில் பாரின் முனை பெரும்பாலும் மொட்டையாக இருக்கும், சக்கரம் இருக்காது. மொட்டை மூக்குப் பாருக்குப் பிட்ச் என்ற பேச்சே இல்லை, கேஜ் மட்டும் சரியாக இருந்தால் போதும். டிரம்மில் வளையச் சக்கரம் செருகும் வசதி இருந்தால், 3/8 வளையமும் 3/8 செயினும் போட்டு ஓட்டலாம். மூக்கில் சக்கரம் உள்ள பார் என்றால் மூணையும் சேர்த்து மாற்ற வேண்டும். என்ஜினுக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்குச் சுற்றும். ஆனால் 1970களுக்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலும் செயின் பிரேக் கிடையாது. அதை ஓட்டிக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் பலகைத் துண்டில் காட்டிவிட்டு அலமாரியில் வைப்பது நல்லது, தோப்புக்குள் வேண்டாம்.

தென்னையை அறுக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தென்னை வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே பஞ்சு. அந்த வெளிப்பக்க நாரில் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது. பூவரசில் அரை நாள் தாங்கும் பல் தென்னையில் நாலு மரத்துக்குள் மழுங்கும். மழுங்கிய பல்லோடு அழுத்தி அறுத்தால் பாரும் சக்கரமும் சேர்ந்து தேயும். 0.325க்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம், லோ புரொஃபைலுக்கு 4. இதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் பல்லுக்கு ரெண்டு இழுப்பு, உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில். தம்பி இப்போ அப்படித்தான் செய்கிறான். தையல் போட்ட இடத்தில் மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் குத்துகிறதாம்.